பின்வாசல் வழியே போனவன்

தையற்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் அளவு நாடா ஒன்று, காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் உட்சுவரில் செங்குத்தாக ஒட்டப்பட்டிருந்தது. அதன் முன்னால் போய் நிற்பதற்கு முன்பு நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் துறைத்தலைவர். கரும்பலகையில் நான் எழுதும் சமன்பாடு ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நூல் பிடித்தாற்போல் போகும் என்று மாணவர்கள் இன்றும் சொல்வதுண்டு. ஓய்வுக்குப் பிறகு நூலகக் குழுவிலும் திருப்பணிக் குழுவிலும் என்னைக் கேட்காமலே என் பெயரைச் சேர்த்தார்கள். தெருவில் இரு வீட்டாருக்குள் பிணக்கு என்றால், "சாரைக் கேட்டுருவோம்" என்பார்கள். நான் ஒருவரை நல்லவர் என்று சொன்னால் அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். பின்னால் வரப்போவதை விளங்கிக்கொள்ள அது தேவைப்படுகிறது.

அறுபத்தொன்பதாவது வயதில் என் வலத்தோள் இறுகிப் போயிற்று. விழவில்லை, அடிபடவில்லை. ஒரு காலை நெற்றியில் திருநீறு பூசக் கையை உயர்த்தினேன். அது மார்பளவில் நின்றுவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்று மருத்துவர் சொல்லி, மாத்திரைகளும் ஒரு பயிற்சித் தாளும் கொடுத்தார். மாத்திரைகளை விழுங்கினேன். பயிற்சித் தாளைத் துளையிட்டுக் கோப்பில் போட்டேன். மூன்று மாதம் கழித்து, சட்டைக் கையை நுழைக்க என் மனைவி உதவ வேண்டியிருந்தது. திருநீறு பூசுவதற்கு நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்தேன். அப்படி நான் குனிந்து நின்றதை ஒருநாள் பார்த்துவிட்டு, "சாமிக்குத்தான் குனிவாக, நீங்க கைக்குக் குனியுறீக" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள்தான் ஓர் அம்மாளைப் பற்றிச் சொன்னாள். நெற்குப்பை ஊர்க்காரர், ஐம்பதை நெருங்குபவர், தேவகோட்டையில் தையற்கடை வைத்திருந்தவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தோள் பூட்டிக்கொண்டு, இரண்டு வருடம் ஊசியில் நூல் கோக்க முடியாமல் இருந்தவர். அரசு மருத்துவமனையில் பயிற்சி சொல்லித்தரும் ஒருவர், தம் வேலை நேரம் முடிந்த பிறகும் அவரை உட்காரவைத்து ஆறு மாதம் கையை மீட்டுத் தந்திருக்கிறார். கை வந்ததும் இவர் தையலுக்குத் திரும்பவில்லை. முறையாக ஒரு படிப்பைப் படித்துச் சான்றிதழ் வாங்கி, எண்ணெய் நீவலும் மூட்டுப் பயிற்சியும் தருவதென்று காரைக்குடிக்கு வந்துவிட்டார். எண்ணெய் வாசனை வைத்து ஊர் அவருக்கு 'எண்ணெய்க்காரம்மா' என்று பெயரிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அவர் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறைப் பெண்கள், ஈரக்கல்லைத் தூக்கித் தூக்கித் தோள் போனவர்கள், அன்றைக்குக் கூட்டமாகப் பேருந்தில் வந்து இறங்குவார்கள். அது எதற்கு என்று நான் பின்னொரு நாள் கேட்டேன். "எனக்குச் சொல்லிக்குடுத்தவுகளுக்குத் திருப்பிச் செய்யலாம்னு போனேன் சார். அவுக மாத்தலாகிப் போயிட்டாக. கையில வச்சுக்கிட்டு என்ன செய்ய? வர்றவுகளுக்குக் குடுக்குறேன்" என்றார்.

அவர் இருந்த வீடு பதினொரு பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்டது. நடுவில் வளவு என்று நாங்கள் சொல்லும் முற்றம். அதைச் சுற்றிப் பங்குக்கு ஓர் அறை. அறை அவரவருக்கு, சுவரும் முற்றமும் பொது. ஒரு பங்குக்காரர் தம் அறையை அவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப்போல அதுவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் இருக்கும் தெருவில் என் பழைய மாணவர்கள் இருவர் கடை வைத்திருந்தார்கள். வேதியியல் துறைத்தலைவர் ஒரு தையற்காரப் பெண்ணிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போகிறார் என்று அவர்கள் பேசுவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. ஆகவே அடுத்த தெருவைச் சுற்றி, கிணற்றடியும் அடுப்படியும் தாண்டிப் பின்வாசல் வழியாக நுழைந்தேன். அந்தத் தெருவில் என்னை யாருக்கும் தெரியாது என்பது என் எண்ணம்.

அந்த நாடா அவருடைய அறைக்கு வெளியே வளவுச் சுவரில் இருந்தது. முட்டையின் வெள்ளைக்கரு கலந்து பூசி, கண்ணாடிபோல் மினுங்கும் சுவர். அதில் பென்சில் பிடிக்காது. ஆகவே தம் பழைய நாடாவைப் பசை தடவி ஒட்டி, அதன்மேல் கோடு போட்டார். இடுப்பு உயரத்தில் பூஜ்யம். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை ஒவ்வொன்றாக மேலே நடத்த வேண்டும். "பல்லி மாதிரி ஏறணும் சார். விரல் ஏறட்டும், தோள் தன்னால பின்னாடி வரும்" என்பார். முதல் நாள் பதினோர் அங்குலம் ஏறினேன். வியர்த்துவிட்டது. என் மாணவர்களை நான் கேட்காத கேள்வியையெல்லாம் என் தோளைக் கேட்டுத் திட்டினேன். கோட்டை நானே போட்டுக்கொள்கிறேன் என்று பென்சிலைக் கேட்டபோது அவர் தரவில்லை. "கோட்ட நாந்தான் போடுவேன். நீங்க போட்டா ஒரு அங்குலம் கூட்டிப் போட்டுக்கிருவீக. படிச்சவுக எல்லாம் அப்படித்தான்" என்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவனிடம் ஒருவர் இப்படிச் சொல்வது அதுதான் முதல்முறை. கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் கூட்டித்தான் போட்டிருப்பேன்.

நான்கு மாதத்தில் இருபத்தேழாம் அங்குலத்துக்கு வந்தேன். வாரத்துக்கு ஓர் அங்குலம், சில வாரம் அதுவும் இல்லை. எரிச்சலூட்டும் வேகம். என் இடக்கை நாற்பத்தொன்றைத் தொடும். அதையும் அவர் கோடு போட்டு வைத்திருந்தார். ஆனாலும் சட்டையை நானே மாட்டிக்கொண்டேன். நெற்றி பாதி வழி வந்தால் கை மீதி வழி வந்தது. பின் தெருவில் பூக்கட்டி விற்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். ஒருநாள் என்னைப் பார்த்து, "என்ன சார், நேத்து வரலியே? கை தேவலையா?" என்றார். வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். "ஆமாமா. நாலு மாசமா வேற வேலையாத்தான் வாரீக" என்று நாரைப் பல்லில் கடித்து அறுத்தார். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி முருங்கைக் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முன்வாசல்ல போயிருந்தா ஒரு தெரு பாத்திருக்கும். பின்வாசல்ல போனீக, ரெண்டு தெருவும் பேசுது" என்றாள். அப்போதாவது நான் திருந்தியிருக்க வேண்டும்.

அந்த வீட்டுப் பங்காளிகள் ஆண்டுக்கொருமுறை முன்னோருக்குப் படைப்பதற்காகக் கூடுவார்கள். எந்த ஊரில் இருந்தாலும் அதற்கு வந்துவிடுவது வழக்கம். அவ்வாண்டு ஒருநாள் முன்னதாகவே வேன் பிடித்து வந்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது. பின்வாசல் வழியாக வந்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தால் வளவு நிறையப் பெட்டிகளும் ஆட்களும். மூத்த பங்காளி, என் வயதுக்காரர், நன்றாகப் பழகியவர், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அட, வாங்க சார்! நாங்க வந்தது தெரிஞ்சு அதுக்குள்ள பாக்க வந்துட்டீகளா?" என்றார். ஆமாம் என்றேன். ஒரே சொல். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்தேன். பத்தடி தூரத்தில் அந்த அம்மாளின் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சு சுவரில்தான் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த இளைய பங்காளி நாடாவைச் சுரண்டிப் பார்த்தார். பொதுச் சுவரில் எவரைக் கேட்டு ஒட்டினார்கள் என்றார். அது நியாயமான கேள்விதான். அந்தப் பூச்சு ஒருமுறை கெட்டால் கெட்டதுதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. வாசலில் இருந்த பலகையைக் காட்டி, "எண்ணெய் நீவல்னு போர்டு போட்டிருக்கு பெரியப்பச்சி. ஆம்பளைங்களும் வர்றாங்களாம். நம்ம படைக்கிற வீட்டுல இதெல்லாம் என்னான்னு யாராவது கேட்டீகளா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த அம்மாளை வெளியேற்ற மனமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இந்த ஊர்லயே இருக்கீக. இந்த அம்மா வேலை சுத்தம்தானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இவங்க வாயெல்லாம் மூடிரும்."

அந்த நேரத்தில்தான் மூத்தவரின் மனைவி காப்பி கொண்டுவந்தார். அந்த ஆச்சி என் பக்கத்தில் வந்ததும் ஒரு கணம் நின்றார். என் தோளிலிருந்து கற்பூர எண்ணெய் மணத்தது. சட்டையில் கறை ஊறியிருந்தது. டம்ளரை என் வலப்பக்கம் வைக்கப் போனவர், சுற்றி வந்து இடக்கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போனார். புரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை. மரியாதை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவுக தொழிலைப் பத்தி எனக்கு நேரடியா ஒன்னும் தெரியாது. விசாரிச்சுத்தான் சொல்லணும்" என்றேன். மூத்தவர் என் சட்டையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "சார் தெரியாதுன்னா தெரியாதுதான்" என்றார். அதோடு முடிந்தது. அறைக்குள் கிண்ணம் துடைக்கும் ஓசை நின்றிருந்தது. மாத முடிவுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். பின்வாசல் வழியாகத்தான். அவர் ஈரத்துணியால் நாடாவை ஊறவைத்து, கிழியாமல் மெல்ல உரித்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு விரல் அகலத்துக்கு மினுக்கம் போய் மங்கிய பட்டை ஒன்று தெரிந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல்லைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். வாயில் வந்தது, "எங்க போகப்போறீங்க?" என்பதுதான். "எங்குட்டாவது கிடைக்கும் சார். கைய மட்டும் சும்மா விட்டுறாதீக. விட்டா மறுபடி பூட்டிக்கிரும்" என்றார். என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். என் நிலைமையை விளக்கியிருப்பேன். விளக்க இடம் தரவில்லை. அவருக்கு நான் ஒரு தோள். தோளுக்கு வேண்டியதைச் சொன்னார். வீட்டுக்கு வந்து இதை எண்ணி எண்ணிக் கோபப்பட்டேன். யார்மேல் என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கையைச் சும்மா விட்டேன். என் வீட்டுச் சுவரில் விரலை நடத்தினால் வளவும் காப்பி டம்ளரும் நினைவுக்கு வந்தன. ஐந்து மாதத்தில் தோள் மறுபடி இறுகியது. உறக்கத்தில் புரண்டால் அலறினேன். ஒருநாள் என் மனைவி ஒரு முகவரிச் சீட்டை மேசையில் வைத்தாள். "ஆத்தங்குடியில இருக்காக. கல் வார்க்கிற பட்டறைக்குப் பக்கத்து அறை. அங்க வேலை பாக்குற பொம்பள ஒருத்தி முதலாளிகிட்ட நின்னு சண்ட போட்டு வாங்கிக் குடுத்திருக்கா. பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்ல. ஒரே வாசல்தான், சொல்லிட்டேன்" என்றாள்.

பேருந்தில் போனேன். போன பிறகுதான் அது செவ்வாய்க்கிழமை என்று உறைத்தது. தகரக் கூரை, சொரசொரப்பான சிமெண்டுச் சுவர், அதில் அதே நாடா. கைகளில் சாயம் படிந்த பெண்கள் ஏழெட்டுப் பேரும், வயதான ஒரு கல் மேஸ்திரியும் இருந்தார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "வாங்க சார், கடைசில உக்காருங்க" என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது, "அன்னைக்கு அந்த வீட்டுல…" என்று தொடங்கினேன். "கைய மேல வைங்க சார்" என்றார். பதினான்கு அங்குலம். இருபத்தேழிலிருந்து பதினான்கு. அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, "நீங்க வாத்தியாரு. இந்த மேஸ்திரிக்கும் உங்க நோவுதான். விரல் நடத்துறத நீங்க சொல்லிக்குடுங்க. ரெண்டு பேருக்கும் ஆகும்" என்றார்.

நான் நல்ல பயிற்றுநராக இருக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மேஸ்திரி எட்டாம் அங்குலத்தில் நின்று வலிக்கிறது என்றார். சோம்பல் என்றேன். இன்னும் ஓர் அங்குலம் என்று அதட்டினேன். அவர், "அய்யா, என் கை பள்ளிக்கூடம் போகல" என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் எழுந்து வந்து என்னைத் தனியே அழைத்து, "வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா மொதல்ல நம்பணும் சார். தெரிஞ்சத தெரியும்னு சொல்லணும். இந்தத் தொழில்ல வேற ஒன்னும் இல்ல" என்றார். அவர் அதை மேஸ்திரிக்காக மட்டும் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு செவ்வாய்தோறும் போகிறேன். மேஸ்திரி இப்போது முப்பத்தாறில் இருக்கிறார். நான் முப்பத்து மூன்றில் நின்றுவிட்டேன். இதற்குமேல் ஏறாது என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டார். ஐந்து மாதம் சும்மா விட்டதன் விலை அது என்பது என் கணிப்பு. அவர் அப்படிச் சொல்லவில்லை.

சென்ற மாதம் காரைக்குடியில் ஒரு சங்கத்தார் அவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். என் பழைய மாணவர் ஒருவர் விழா மலரைத் தொகுத்தார். முன்னதாக என் வீட்டுக்கு வந்து, "சார், அந்த அம்மா வளர்ந்ததுல உங்க பங்கும் இருக்குன்னு ஊர்ல பேசிக்கிறாங்களே?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். மலர் வந்தது, பன்னிரண்டாம் பக்கத்தில் என் படம். 'இடமின்றித் தவித்தவருக்கு ஆத்தங்குடியில் அறை கிடைக்கச் செய்து, தொடக்கம் முதல் துணை நின்ற பெருந்தகை' என்று கீழே ஒரு வரி. மண்டபத்தில் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அந்த வரியை மேடையில் ஒருவர் உரக்கப் படித்தார், கைதட்டினார்கள். எழுந்து இல்லையென்று சொல்ல எனக்கு வேண்டியிருந்தது கால் நிமிடம். நான் எழவில்லை. பின் வரிசையில் ஆத்தங்குடிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கைதட்டினார்களா என்று திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. விழா முடிந்ததும் அந்த அம்மாளிடம் போய், மலரில் ஒரு வரி தவறாக வந்திருக்கிறது என்றேன். "நானும் பாத்தேன் சார்" என்றார். "நீங்க எந்திரிச்சுச் சொல்லுவீகன்னு நெனச்சேன்."

அந்த வரியின் படம் என் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாழ்த்துகள் வந்தவண்ணம் இருக்கின்றன. போன வாரம் அந்தப் பெரிய வீட்டுக்குப் போனேன். இப்போது அங்கே வெளியூர்ப் பயணிகள் தங்குகிறார்கள். முன்வாசல் வழியாகவே போனேன், யாரும் கவனிக்கவில்லை. வளவுச் சுவரில் அந்த மங்கிய பட்டை அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளைகளின் உயரத்தை அளந்த இடம் என்று வழிகாட்டிப் பையன் இருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அது அளவு நாடா ஒட்டியிருந்த இடம், தோள் பூட்டியவர்கள் கையை ஏற்றிய இடம், நானும் ஏற்றினேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. பட்டையில் என் கையை வைத்துக் காட்டினேன். பழைய இருபத்தேழைத் தாண்டி ஆறங்குலம் ஏறி, அங்கேயே நின்றது.

மலரில் உள்ளது உண்மையன்று. ஆத்தங்குடி அறையை அவருக்குக் கேட்டு வாங்கித் தந்தவர் கல் வார்க்கும் ஒரு பெண் தொழிலாளி. அவர் படம் மலரில் இல்லை. நான் தொடக்கம் முதல் துணை நிற்கவில்லை. காரைக்குடி அறையை அவர் இழந்தது, தெரிந்ததை நான் தெரியாது என்று சொன்னதால். அன்று என் சட்டையில் அவர் தேய்த்துவிட்ட எண்ணெய் இருந்தது.